கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் படிக்க முடிகிறது, இரவில் ஏன் முடியவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 67 வயது அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, போட்டது சாதாரண மோனோஃபோகல் லென்ஸ். காலையில் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், ராத்திரி மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை என்கிறார். எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே லென்ஸ்தான், அவருக்கு எந்த நேரமும் எல்லாம் தெரிகிறதாம். அப்படியானால் லென்ஸ் நகர்ந்துவிட்டதா, இடது கண்ணுக்கு விலை கூடிய லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடிப் பவர் பார்ப்பதும் லென்ஸ் கணக்குக்கு அளவெடுப்பதும்தான் என் வேலை, அதனால் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட தினமும் காதில் விழுகிற கேள்வி. லென்ஸ் நகர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நகர்ந்த லென்ஸ் பெரும்பாலும் காலையில் ஒழுங்காக இருந்துவிட்டு ராத்திரி மட்டும் படிக்கவிடாமல் தகராறு செய்யாது. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி மாறுவது கண்மணி, அதாவது கண்ணின் நடுவில் இருக்கும் கருப்புத் துளை. அது மாறும்போது பார்வையின் ஆழமும் கூடவே மாறுகிறது.

ஆனால் அதற்குள் போகும் முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். காலையில் அம்மா பேப்பர் படிக்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், அப்புறம் மற்றதை. படிப்பது ஆபரேஷன் செய்த வலது கண்தானா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், புரை முற்றும்போது பலருக்குக் கண்ணின் இயற்கை லென்ஸ் இறுகி அதன் பவர் ஏறும், அதனால் கண் கொஞ்சம் கிட்டப்பார்வைக்குப் போய்விடும். பத்து வருடமாகப் படிக்கக் கண்ணாடி போட்டவர்கள் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க ஆரம்பிப்பார்கள், "இந்த வயசுல கண்ணு தெளிஞ்சிருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள், ஆனால் அது புரையின் வேலை. உங்கள் அம்மாவுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண்தான் காலையில் படித்துக்கொண்டிருக்கிறது என்றால் கதையே வேறு. அந்தக் கண்ணிலும் புரையை எடுத்த பிறகு படிக்கும் வசதி அதோடு போய்விடும், அப்போது "இரண்டாவது ஆபரேஷன்தான் கண்ணைக் கெடுத்தது" என்று வீட்டில் சண்டை வரும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, வலது கண்தான் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இயற்கை லென்ஸ் இளமையில் தன் வடிவத்தை மாற்றி மாற்றித் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஃபோகஸ் செய்யும். அறுபது தாண்டியவர்களுக்கு அந்தத் திறமை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டிருக்கும். ஆபரேஷனில் வைக்கும் மோனோஃபோகல் லென்ஸ் வளையவும் செய்யாது, நகரவும் செய்யாது. 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி முதல்முதலாகக் கண்ணுக்குள் வைத்த பிளாஸ்டிக் லென்ஸிலிருந்து இன்றைய மோனோஃபோகல் வரை, பொருளும் வடிவமும் வைக்கும் முறையும் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனால் ஒரே ஒரு தூரத்துக்குத்தான் கச்சிதமான ஃபோகஸ் என்பது மட்டும் மாறவில்லை. அப்படி ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு என்றால் அதற்கு ஒரு அடி முன்னும் பின்னும் எல்லாமே கலங்கலாகத்தானே தெரிய வேண்டும்? தெரிவதில்லை. கச்சிதமான தூரத்துக்கு இரண்டு பக்கமும் "பரவாயில்லை, படிக்கலாம்" என்கிற அளவுக்கு ஒரு பட்டை இருக்கிறது. பார்வையின் ஆழம் என்று நான் மேலே சொன்னதும், போட்டோ எடுப்பவர்கள் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்று சொல்வதும் இதைத்தான். கேமராவில் துளையைச் சின்னதாக்கினால் முன்னால் இருக்கும் பூவும் பின்னால் இருக்கும் மலையும் சேர்ந்து தெளிவாக வரும், துளையைப் பெரிதாகத் திறந்தால் பூ மட்டும் தெளிவு, மலை கலங்கிவிடும். கண்ணிலும் அதே கணக்குதான். மனிதக் கண்ணின் குவியத் தூரம் சுமார் 17 மி.மீ., அதனால் கண்மணி 2 மி.மீ. ஆகச் சுருங்கினால் கேமராக்காரர் பாஷையில் (குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) சுமார் எஃப்/8, 4 மி.மீ. ஆக விரிந்தால் சுமார் எஃப்/4.

இதை அம்மாவின் மாத்திரை அட்டைக்குக் கொண்டுவருவோம், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். டயாப்டர் என்பது மீட்டரில் உள்ள தூரத்தால் ஒன்றை வகுத்தால் வருவது. 1 மீட்டர் தூரத்துக்கு 1 டயாப்டர், 50 செ.மீ.க்கு 2, படிக்கும் தூரமான 40 செ.மீ.க்கு 2.5. அம்மாவின் வலது கண்ணில் ஆபரேஷனுக்குப் பிறகு மைனஸ் 1 பவர் மிச்சம் இருக்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் (உண்மையான எண் கண்ணாடிச் சீட்டில் இருக்கும், பாருங்கள்). அவருக்குக் கச்சிதமான ஃபோகஸ் 1 மீட்டரில். பேப்பர் 40 செ.மீ.யில் இருப்பதால் 2.5இல் 1 போக 1.5 டயாப்டர் குறைகிறது. இந்தக் குறையால் காகிதத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் புள்ளியாகத் தெரியாமல் ஒரு சின்ன வட்டமாகப் பரவித் தெரியும். அந்த மங்கல் வட்டத்தின் அளவு, கண்மணியின் விட்டத்தை ஃபோகஸ் குறையாலும் தூரத்தாலும் பெருக்கினால் வந்துவிடும். காலை வெயிலில் கண்மணி 2 மி.மீ. என்றால் 2 × 1.5 × 0.4, அதாவது 1.2 மி.மீ. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்மணி 4 மி.மீ. ஆக விரிந்தால் அதே வட்டம் 2.4 மி.மீ. எழுத்தின் உயரம் 2 மி.மீ. என்று வைத்தால், 1.2 மி.மீ. மங்கல் இருந்தாலும் மூளை எழுத்தை ஊகித்துப் படித்துவிடும், மங்கலே எழுத்தைவிடப் பெரிதாகிவிட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது. லென்ஸ் அதே, பவர் அதே, தூரமும் அதே. மாத்திரை அட்டையில் எழுத்து இன்னும் பொடி, போதாக்குறைக்குப் பளபளக்கும் தகட்டின் மேல் அச்சடித்திருப்பார்கள், அது கண் நன்றாக இருப்பவர்களுக்கே சோதனை.

வெளிச்சத்தில் இருக்கும் வித்தியாசத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். பகலில் நிழலான திண்ணையில்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும், ராத்திரி வீட்டுக் கூடத்தில் நூறு, இருநூறு இருந்தாலே அதிகம். நம் கண்ணுக்கு இரண்டும் "வெளிச்சம்" போலத்தான் தோன்றும், கண்மணிக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். உத்தரத்தில் தொங்கும் விளக்கை நம்பாமல் ஒரு எல்இடி மேசை விளக்கை அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து காகிதத்தில் விழும்படி வையுங்கள். 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் பல்பை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் காகிதத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். கண்மணியும் சுருங்கும், எழுத்தும் காகிதமும் பிரிந்து தெரியும். நான் பார்த்தவரை, லென்ஸ் மேல் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் கணிசமான பேருக்கு முதலில் வேண்டியது விளக்குதான்.

இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள், 1 மி.மீ. அளவில். நல்ல விளக்கு வெளிச்சத்தில் வலது கண்ணுக்கு முன்னால் அந்தத் துளையைப் பிடித்து மாத்திரை அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து தெளிந்துவிட்டால் பிரச்சினை வெறும் ஃபோகஸ், கண்ணாடியோ வெளிச்சமோ தீர்த்துவிடும். துளை வழியாகப் பார்த்தும் தெளியவில்லை என்றால் விழித்திரையையோ, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியிருக்கிறதா என்பதையோ டாக்டர் பார்க்க வேண்டும். சவ்வு மங்குவது சில மாதங்களிலோ சில வருடங்களிலோ பலருக்கு வருவதுதான், யாக் லேசரில் சில நிமிட வேலை. திடீரென்று மின்னல் வெட்டுவது போல வெளிச்சம், பூச்சி பறப்பது போலக் கரும்புள்ளிகள், திரை இறங்குவது போல மறைப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் விளக்கு, துளை என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எதிர்வீட்டு அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அதே லென்ஸ் என்று நீங்கள் சொல்வது அதே கம்பெனி, அதே மாடல். கண்ணுக்குள் வைத்த பவர் ஒன்றாக இருக்காது, ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் பவரும் ஒன்றாக இருக்காது. அவருக்கு ஒரு கண்ணில் மைனஸ் 1.5 மிச்சம் இருக்கலாம். அவர் கண்மணி இயல்பாகவே சின்னதாக இருக்கலாம், வயதாக ஆகப் பலருக்கு அது சுருங்கிக்கொண்டே வரும், இருட்டிலும் அவ்வளவாக விரியாது. கொஞ்சம் சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் வருவது) இருந்தால் அதுவும் கச்சிதத்தைக் கெடுத்துப் பட்டையை நீட்டும். கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் படலத்தின், வளைவில் இருக்கும் சின்னச் சின்னக் கோணல்களும் அப்படித்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிய ஏஸ்ஃபெரிக் லென்ஸ்கள் இந்தக் கோணல்களில் ஒரு வகையைச் சரிசெய்து இரவில் தூரப்பார்வையைக் கூர்மையாக்கும்படி செய்யப்பட்டவை, கூர்மை கூடும்போது ஆழம் கொஞ்சம் குறையும். பழைய பாணி, விலை குறைந்த லென்ஸில் சிலருக்குக் கிட்டத்தில் இருப்பது சற்று நன்றாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 1992இல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிலையம் தொடங்கி லென்ஸை மலிவாகச் செய்ய ஆரம்பித்த பிறகு நம் ஊரில் விலையை வைத்து லென்ஸை எடைபோடும் பழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது, ஆனால் மோனோஃபோகலில் விலை ஏறினால் ஆழமும் ஏறும் என்று ஒரு விதியும் கிடையாது. அப்புறம், எதிர்வீட்டு அம்மா ராத்திரியில் மாத்திரை அட்டை படிக்கிறாரா, டிவி பார்க்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். "எல்லாம் தெரியுது" என்பதில் "எல்லாம்" ஆளுக்கு ஆள் வேறு.

இனி இடது கண். உங்களுக்கு உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான், இங்கே லென்ஸின் பெயரைவிட டாக்டர் எந்தப் பவரைக் குறிவைக்கிறார் என்பதுதான் பெரிது.

நல்ல வெளிச்சத்தில், கண்மணி 3 மி.மீ. சுற்றி இருக்கும்போது, கச்சிதத்திலிருந்து அரை டயாப்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறினாலும் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. இந்த ஒரு டயாப்டர் அகலப் பட்டையை எங்கே வைப்பது? சரியாகப் பூஜ்யத்தில், அதாவது மிச்சப் பவரே இல்லாமல், வைத்தால், ஆபரேஷன் ரொம்பக் கச்சிதம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பட்டையில் பாதி வானத்துக்கும் அப்பால் போய் வீணாகிறது, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மிச்சப் பாதி, கண்ணுக்கெட்டிய தூரத்திலிருந்து 2 மீட்டர் வரை. மைனஸ் 0.5இல் வைத்தால் அதே பட்டை தூரத்திலிருந்து 1 மீட்டர் வரை வந்துவிடும், செலவு எதுவும் இல்லை, ராத்திரி வண்டி ஓட்டும்போது மட்டும் சிலருக்கு மெல்லிசான கண்ணாடி தேவைப்படலாம். மைனஸ் 1இல் வைத்தால் 2 மீட்டரிலிருந்து 67 செ.மீ. வரை. மைனஸ் 2.5இல் வைத்தால் 50 செ.மீ.யிலிருந்து 33 செ.மீ. வரை, வெறும் 17 செ.மீ. அகலம். டயாப்டரில் பட்டை அதேதான், கிட்டே வரவர செ.மீ. கணக்கில் மெலிந்துகொண்டே போகும். படிக்கிற கண்ணாடி போட்டவர்கள் பேப்பரை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதும், அந்தக் கண்ணாடியோடு நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் கலங்குவதும் இதனால்தான்.

அளவெடுப்பதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் குறிவைத்த இடத்திலிருந்து அரை டயாப்டர் வரை தள்ளி விழுவது சகஜம், ஆபரேஷனுக்குப் பிறகு லென்ஸ் கண்ணுக்குள் எந்த ஆழத்தில் போய் உட்காரும் என்பதை யாராலும் முன்கூட்டியே மில்லிமீட்டர் பிசகாமல் சொல்ல முடியாது. அது மைனஸ் பக்கம் தவறினால் கிட்டத்தில் ஏதாவது லாபம் உண்டு. பிளஸ் பக்கம் தவறினால் தூரமும் சுமார், கிட்டம் அதைவிட மோசம். அதனால்தான் அனுபவப்பட்ட டாக்டர்கள் பூஜ்யத்துக்குக் குறிவைக்காமல் கொஞ்சம் மைனஸ் பக்கமாகவே வைக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு வலது கண் உண்மையிலேயே மைனஸ் 1 பக்கம் விழுந்திருந்தால் அது தவறு என்று நினைக்காதீர்கள், ஒரு வகையில் அதிர்ஷ்டம். இடது கண்ணைத் தூரத்துக்கு, பூஜ்யத்திலிருந்து மைனஸ் 0.25க்குள், குறிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு கண்ணும் சேரும்போது தெருக்கோடியிலிருந்து 67 செ.மீ. வரை இடைவெளி இல்லாமல் ஓடும், பஸ் போர்டு, டிவி, அடுப்படி, எதிரில் இருப்பவர் முகம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் ஒரு டயாப்டர் வரை வித்தியாசம் இருப்பதைப் பெரும்பாலானவர்கள் உணர்வதே இல்லை. வித்தியாசத்தை 2 டயாப்டர் வரை கொண்டுபோனால் படிக்கவும் வசதியாகும்தான், ஆனால் படி இறங்கும்போது ஆழம் தட்டுப்படாமல் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், 67 வயதில் அந்தத் துணிச்சலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாறாக வலது கண் பூஜ்யத்தில் உட்கார்ந்திருந்தால் இடது கண்ணை மைனஸ் 1 பக்கம் கேட்கலாம்.

விலை கூடிய லென்ஸ்கள் இரண்டு மூன்று ரகம். மல்டிஃபோகல், ட்ரைஃபோகல் ரகங்கள் பட்டையை அகலமாக்குவதில்லை, உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தூரத்துக்கு ஒரு ஃபோகஸ், கிட்டத்துக்கு ஒரு ஃபோகஸ் என்று தனித்தனியாகக் கொடுக்கின்றன. கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டை படிக்கும் வாய்ப்பு இதில்தான் அதிகம். பதிலுக்கு இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கலான இடத்தில் எழுத்தும் பின்னணியும் பிரிந்து தெரிவது குறையும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது ரகம் இடாஃப் என்று சொல்லப்படும் ஆழம் நீட்டிய லென்ஸ். இதைப் பற்றி விளம்பரத்தில் வருவதைக் கேட்டால் இருபது வயதுக் கண் திரும்பக் கிடைத்துவிடும் போல இருக்கும். ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அமெரிக்கத் தர நிர்ணயம் கேட்பது, ஓரளவு நல்ல பார்வை இருக்கும் மட்டத்தில், மோனோஃபோகலைவிடக் குறைந்தது அரை டயாப்டர் அதிக ஆழம். மேலே போட்ட கணக்கில் அந்த அரை டயாப்டரைச் சேர்த்துப் பாருங்கள், 1 மீட்டரில் நின்றது 67 செ.மீ.க்கு வரும். சமையலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நல்ல உதவி, மாத்திரை அட்டைக்குக் கண்ணாடி வேண்டும்தான். மூன்றாவதாக, நீங்கள் அட்டையில் போட்ட அதே குண்டூசித் துளையை லென்ஸுக்குள்ளேயே வைத்த ஒரு ரகம் உண்டு, ஐசி-8 என்று பெயர். நடுவில் 1.36 மி.மீ. துளை, சுற்றிலும் கருப்பு வளையம். 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஒரு கண்ணில் மட்டும் வைப்பார்கள். ஆழம் நன்றாகக் கிடைக்கும், உள்ளே வரும் வெளிச்சம் குறையும். கார்னியா கோணலாக உள்ளவர்களுக்கு உபயோகமான பொருள், உங்கள் அம்மாவுக்கு அவசியம் என்று தோன்றவில்லை.

என்னைக் கேட்டால் இந்தக் கண்ணுக்கும் அதே மோனோஃபோகல் போதும். ஒரு கண்ணில் மோனோஃபோகலும் இன்னொன்றில் மல்டிஃபோகலும் வைத்துக்கொண்டு இரண்டின் குறையையும் அனுபவிப்பதைவிட, மிச்சமாகும் பணத்தில் நல்ல விளக்கும் நல்ல கண்ணாடியும் வாங்கலாம். வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வையோடு இருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அவர்கள் இரண்டு கண்ணையும் மைனஸ் 2.5 பக்கம் விட்டுவிடச் சொல்லித் தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதுதான் நிம்மதி.

இடது கண் ஆபரேஷனுக்கு முன் அளவெடுக்கும்போது வலது கண்ணின் இப்போதைய கண்ணாடிப் பவர் அவர்கள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், முதல் கண் எவ்வளவு தள்ளி விழுந்தது என்று தெரிந்தால் இரண்டாவது கண் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் பார்வையைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தால் அதன் வேலை இருக்கும்வரை கிட்டத்தில் பார்ப்பது மோசமாகத்தான் இருக்கும். நாலைந்து வாரம் கழித்துக் கண்ணாடிக்குப் போகும்போது, அம்மா பேப்பரை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார், அரிவாள்மனையில் உட்கார்ந்தால் காய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 40 செ.மீ. கணக்குப் போட்டுக் கொடுத்த கண்ணாடி 60 செ.மீ.யில் காய் நறுக்க உதவாது, தூரம், கிட்டம் என்று இரண்டு பவர் மட்டும் உள்ள பைஃபோகலிலும் அந்த நடுத்தூரம் இருக்காது. நடுத்தூரத்துக்கு வேறு பவரில் இரண்டாவது கண்ணாடியா, மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும் புரோக்ரஸிவா என்பதை அந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.